கமடோர் 64இன் சீரியல் வேகத்தை உயர்த்த: யூசர் போர்ட்டா, கார்ட்ரிட்ஜா?

பழைய கமடோர் 64ஐத் தூசி தட்டி எடுத்து, ஒரு பிபிஎஸ்ஸுக்கோ (மோடம் வழியாக அழைத்துச் செய்தியும் கோப்பும் பரிமாறும் பொதுக் கணினி) இன்னொரு கணினிக்கோ, பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சீரியல் முறையில் இணைத்துப் பார்க்க நினைப்பவர் முன்னால் இன்று பல பாதைகள் இருக்கின்றன. வெளிச் சாதனங்களுக்கான யூசர் போர்ட்டில் செருகும் சின்ன வைஃபை மோடம் இருக்கிறது. பின்பக்கக் கார்ட்ரிட்ஜ் வாயிலில் போடும் ஸ்விஃப்ட்லிங்க் வகைப் பலகை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தரும் 1541 அல்டிமேட் இருக்கிறது. விளம்பரங்களில் நொடிக்கு எத்தனை பிட் என்பதைச் சொல்லும் 2400, 9600, 38400, 230400 என்று எண்கள் வரிசைகட்டி நிற்கும். பெரிய எண்ணைப் பார்த்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வந்து சேரும் பைட் கடைசியில் எங்கே போய் இறங்கப்போகிறது, மறுமுனையில் என்ன நிற்கிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் இதைத் தீர்மானிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு மெதுவு

1982இல் வந்த இந்தக் கணினியில் சீரியல் தொடர்புக்கென்று தனிச் சிப் கிடையாது. அந்த வேலையைச் செய்யும் 6551 சிப்பைக் கமடோரின் சொந்த நிறுவனமான மாஸ் டெக்னாலஜியே தயாரித்துவந்தது. 1984இல் வந்த பிளஸ்/4இல் அது இடம்பெறவும் செய்தது. சி64க்குக் கிடைத்தது மென்பொருள் மட்டுமே. கணினியின் அடிப்படை நிரலான கெர்னல் இருக்கும் ரோமில் எழுதப்பட்ட நிரல், 6526 சிப்பின் டைமரைக் கொண்டு ஒவ்வொரு பிட்டையும் தன் கையாலேயே அனுப்புகிறது, தன் கையாலேயே வாங்குகிறது. ஒரு பைட் போக ஸ்டார்ட் பிட், ஸ்டாப் பிட் சேர்த்து பத்து பிட். அந்தப் பத்துக்கும் பிராசசர் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்க்க வேண்டும்.

இதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். பால் (PAL) தொலைக்காட்சி முறைக்கான சி64இன் கடிகாரம் நொடிக்கு 9,85,248 சைக்கிள், அதாவது துடிப்பு. 300 பிட் வேகத்தில் ஒரு பிட்டுக்கு 3,284 சைக்கிள் கிடைக்கிறது, தாராளம். 2400இல் 410 சைக்கிள்தான். 9600இல் 103. இதற்கிடையே விக்-II வீடியோ சிப் ஒவ்வோர் எட்டாவது திரைக்கோட்டிலும் எழுத்துகளைப் படிக்க நினைவகத்தைத் தன்வசப்படுத்திக்கொள்கிறது. அப்போது பிராசசர் 40 முதல் 43 சைக்கிள் வரை கை கட்டி நிற்கும். திரையில் நகரும் சிறு படங்களான ஸ்பிரைட் இருந்தால் இன்னும் கூடும். 410இல் 43 போனால் சமாளிக்கலாம். 103இல் 43 போனால் பிட்டைச் சரியான நேரத்தில் படிப்பது நடக்காத காரியம்.

கெர்னலின் அட்டவணையில் 2400 வரை வேகங்கள் இருந்தாலும், நடைமுறையில் 1200க்கு மேல் அதை நம்ப முடியாது. 1989இல் ஜார்ஜ் ஹக் எழுதி வெளியிட்ட மாற்று நிரல்தான் 2400ஐ உறுதியாக்கியது. பிபிஎஸ்ஸோடு பேச உதவும் இன்றைய டெர்மினல் மென்பொருள்களில் யூசர் போர்ட் 2400 என்று தெரிவது அந்த வழியில் வந்ததே. வன்பொருளில் ஒரு கம்பியைக்கூடத் தொடாமல், கெர்னலின் நிரலை ஒதுக்கிவைப்பதாலேயே வேகம் இரட்டிப்பாகிறது. புதிய பலகை வாங்குவதற்கு முன் நல்ல டெர்மினல் மென்பொருள் ஒன்றை ஏற்றிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

யூபி9600: ஒரு புத்திசாலித்தனமான குறுக்குவழி

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. சி64இல் இரண்டு 6526 சிப்கள் உள்ளன. இரண்டிலும் தலா ஒரு ஷிஃப்ட் ரிஜிஸ்டர் இருக்கிறது: எட்டு பிட்டை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வாங்கவோ வெளியே தள்ளவோ தெரிந்த சின்னச் சுற்று. அந்த இரண்டின் முனைகளும் யூசர் போர்ட்டுக்கு வருகின்றன. லூனிக்ஸ் என்ற சி64 இயங்குதளத்தை எழுதிய டேனியல் டால்மன், வழக்கமான சீரியல் கம்பிகளோடு சில கூடுதல் இணைப்புகளைப் போட்டு, ஒரு ஷிஃப்ட் ரிஜிஸ்டரை அனுப்பவும் மற்றதை வாங்கவும் பயன்படுத்தினார்.

பிட் எண்ணும் வேலை இப்படிச் சிப்பின் கைக்குப் போகிறது. பிராசசர் ஸ்டார்ட் பிட் வந்ததும் டைமரைக் கிளப்பிவிட்டு, பைட் நிரம்பியதும் வந்து எடுத்துக்கொண்டால் போதும். ஒரு சிறு சிக்கல்: சீரியல் தொடர்பில் கடைசி பிட் முதலில் வரும், 6526இன் ஷிஃப்ட் ரிஜிஸ்டரோ தலைப் பிட்டை முதலில் எதிர்பார்க்கும். ஆகவே ஒவ்வொரு பைட்டையும் அட்டவணை ஒன்றைப் பார்த்துத் திருப்பிப்போட வேண்டியிருக்கிறது. அதற்கு ஆகும் நேரம் அற்பம்.

ஏன் 9600, ஏன் 19200 இல்லை? ஸ்டார்ட் பிட் வந்ததைப் பிராசசர் கவனிக்கத் தாமதமாகும் நேரம் அரைப் பிட்டைத் தாண்டக் கூடாது. 9600இல் அரைப் பிட் 51 சைக்கிள். விக்-II திருடும் 43 அதற்குள் அடங்கிவிடுகிறது, மயிரிழையில். 19200இல் அரைப் பிட் 26தான்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பலகையில் அந்தக் கூடுதல் இணைப்புகள் இருக்க வேண்டும். மென்பொருளும் யூபி9600ஐ அறிந்திருக்க வேண்டும். டெர்மினல் மென்பொருள்களில் நோவாடெர்மும் சிசிஜிஎம்எஸ்ஸின் புதிய பதிப்புகளும் அறிந்தவை. பேசிக்கில் ஓப்பன் 2 என்று எழுதிப் பழைய முறையில் திறந்தால் வேகம் கூடாது. ஆனால் பழைய முறையும் அதே பலகையில் வேலை செய்யும், ஏனெனில் பழைய கம்பிகள் அப்படியே இருக்கின்றன. ஒரு பலகையில் இரண்டு வழி.

ஸ்விஃப்ட்லிங்கும் டர்போ232ம்

கார்ட்ரிட்ஜ் வாயில் வழியாக ஒரு 6551ஐயே கொண்டுவந்து சேர்த்தது ஸ்விஃப்ட்லிங்க்-232. முதலில் டாக்டர் ஈவில் லேபரட்டரிஸ் என்ற சிறு நிறுவனமும், பிறகு கிரியேட்டிவ் மைக்ரோ டிசைன்ஸும் அதை விற்றன. 6551 வழக்கமாக 1.8432 மெகாஹெர்ட்ஸ் படிகத்தோடு 19200 வரை ஓடும். ஸ்விஃப்ட்லிங்கில் அதைவிட இரு மடங்கான 3.6864 படிகத்தைப் போட்டார்கள். எல்லா வேகங்களும் இரட்டிப்பாகி உச்சம் 38400 ஆனது. 300 வேண்டுமென்றால் சிப்பிடம் 150 என்று சொல்ல வேண்டும். சிப்பின் நான்கு ரிஜிஸ்டர்களும் 56832 என்ற முகவரியிலிருந்து தெரிகின்றன. பலகையில் மாற்றிக்கொண்டால் 57088. பேசிக்கில் போக் கட்டளையால் அந்த முகவரியில் எண்ணை எழுதியே அதோடு விளையாடலாம். கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிடத் தெளிவான சீரியல் வன்பொருள் கிடைக்காது.

பின்னர் வந்த டர்போ232 ஒரு கூடுதல் ரிஜிஸ்டரை 56839இல் சேர்த்து 57600, 115200, 230400 ஆகியவற்றையும் தந்தது. அந்த எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். 6551இல் வரிசையாகப் பைட்டுகளைச் சேர்த்துவைக்க இடமில்லை. வந்த பைட்டை அடுத்தது வந்து முடிவதற்குள் எடுக்காவிட்டால் போயிற்று. 38400இல் ஒரு பைட்டுக்கு ஏறத்தாழ 256 சைக்கிள் கிடைக்கிறது. இன்டரப்ட் வந்து, ரிஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்தி, பைட்டை எடுத்து, பஃபரில் போட்டுத் திரும்ப அது போதும். மீதி நேரத்தில் வேறு வேலையும் நடக்கும். 115200இல் 85 சைக்கிள்தான். அதில் 43ஐ விக்-II எடுத்துக்கொண்டால்? திரையை அணைத்துவிட்டு, வேறெதுவும் செய்யாமல் வாங்கினால் முடியலாம். 230400 உண்மையில் பொருள்படுவது 20 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மாற்றுப் பிராசசரான சூப்பர்சிபியு பொருத்திய இயந்திரங்களுக்கே.

சொந்தமாகப் பலகை செய்பவர்களும், இன்று புதிதாக விற்கும் நகல்களை வாங்குபவர்களும் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: உள்ளே எந்த 6551. வெஸ்டர்ன் டிசைன் சென்டர் இப்போது தயாரிக்கும் 65சி51என் சிப்பில், அனுப்பும் ரிஜிஸ்டர் காலியாகிவிட்டதா என்று சொல்லும் நான்காவது பிட் எப்போதும் 1 என்றே காட்டும். இது அந்த நிறுவனத்தின் தரவுத்தாளிலேயே ஒப்புக்கொள்ளப்பட்ட குறை. பழைய மென்பொருள் அந்தப் பிட்டை நம்பி அடுத்த பைட்டைத் தள்ளும். முந்தையது பாதியில் அழியும். பைட்டை வாங்கும்போது எந்தத் தொல்லையும் தெரியாது, அனுப்பும்போதுதான் தெரியும். பழைய ராக்வெல் அல்லது மாஸ் சிப் உள்ள பலகையைத் தேடுங்கள்.

இந்த வழியின் மறுபக்கம், கார்ட்ரிட்ஜ் வாயிலை அது பிடித்துக்கொள்வது. ஆக்‌ஷன் ரீப்ளே போன்ற வேறு கார்ட்ரிட்ஜோ ராம் விரிவாக்கமோ வைத்திருப்பவர் வாயிலைப் பல கிளையாகப் பிரிக்கும் பலகை ஒன்றை வாங்கியாக வேண்டும். ராம் விரிவாக்கம் 57088 பகுதியில் இருக்கும் என்பதால் ஸ்விஃப்ட்லிங்கை 56832இல் வைக்க வேண்டும். ஃபைனல் கார்ட்ரிட்ஜ் III இரண்டு பகுதிகளையும் பிடித்துக்கொள்ளும். அதோடு இது சேராது.

பைட் எங்கே இறங்குகிறது

இப்போது மறுபக்கக் கணக்கு. ஒப்பீட்டுப் பட்டியல்கள் பெரும்பாலும் தொடாத இடம் இது.

எழுத்தைத் திரையில் படிப்பதற்கென்றால்: 40 பத்தி, 25 வரி, மொத்தம் 1000 எழுத்து. 300இல் ஒரு திரை நிரம்ப 33 நொடி, 1200இல் 8 நொடி, 2400இல் 4 நொடி, 9600இல் ஒரு நொடிக்குச் சற்று அதிகம். மனிதக் கண்ணுக்கு 2400லேயே வாசிப்பு வேகம் தாண்டிவிடுகிறது. கமடோரின் சொந்த எழுத்துத் தொகுதியான பெட்ஸ்கியில் வண்ணப் படங்கள் வரையப்படும் பிபிஎஸ்களில் 9600 சுகமாக இருக்கும். அதற்கு மேல் போனால் திரையே தடை. கீழே ஒரு வரி சேரும்போது கெர்னல் எழுத்தும் நிறமுமாக 1,920 பைட்டை மேலே நகர்த்த வேண்டும். அதற்குச் சுமார் 26 ஆயிரம் சைக்கிள், அதாவது 26 மில்லிநொடி. அந்த இடைவெளியில் 9600இல் 25 பைட் வந்து குவியும். 38400இல் 100. வரிகள் குறுகியவையாக இருந்தால் 256 பைட் பஃபர் மூன்றாவது வரியிலேயே நிரம்பிவிடும். மறுமுனையிடம் நிறுத்தவோ அனுப்பவோ சொல்லும் கைகுலுக்கல் கம்பிகளான ஆர்டிஎஸ், சிடிஎஸ் இரண்டும் சரியாக இல்லாவிட்டால் எழுத்துகள் காணாமல் போவது இங்கேதான். நிறையப் பேர் கம்பி சரியில்லை, சிப் கெட்டுவிட்டது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

கோப்பை வட்டில் சேமிப்பதற்கென்றால் கணக்கு இன்னும் கறார். மாற்றங்கள் செய்யாத 1541 டிரைவ் படிப்பதே நொடிக்குச் சுமார் 400 பைட். எழுதுவது அதைவிட மெதுவு. 9600 தருவது நொடிக்கு 960 பைட். எக்ஸ்மோடம் 128 பைட்டாக அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும் நெறிமுறை. டிரைவ் எழுதி முடிக்கும்வரை மறுமுனை நிற்கும். ஆகவே 1541 மட்டும் வைத்திருப்பவர் 38400க்கு மாறினால் ஓடையைக் குழாயளவு வாய்க்காலில் திருப்பியது போல்தான். வட்டு வாங்குகிற அளவே உள்ளே போகும்.

நேரடியாக நினைவகத்துக்குள் இறங்கும்போதுதான் ஸ்விஃப்ட்லிங்க் தன் மதிப்பைக் காட்டும். முழு 1541 வட்டின் பிம்பக் கோப்பு 1,74,848 பைட். 1200இல் அது வர ஏறத்தாழ 24 நிமிடம். 9600இல் மூன்று நிமிடம். 38400இல் முக்கால் நிமிடம், நெறிமுறைக்கு ஆகும் நேரம் தனி. 512 கிலோபைட் ராம் விரிவாக்கம் இருந்தால் முழுப் பிம்பத்தையும் அதில் வாங்கிக்கொண்டு, பிறகு நிதானமாக வட்டில் எழுதலாம். ராம் விரிவாக்கமும் வேகமான சேமிப்பும் இல்லாதவருக்கு 38400 அவசியமில்லை என்பேன்.

வைஃபை மோடம்கள்

இன்று பெரும்பாலோர் வாங்குவது இதுதான்: ஈஎஸ்பி8266 சிப்பை ஒரு பலகையில் வைத்து யூசர் போர்ட்டில் செருகுவது. தொலைபேசி எண் டயல் செய்வதுபோல் மோடங்களுக்கான ஹேய்ஸ் கட்டளைகளைத் தட்டினால் அது இணையத்தில் பிபிஎஸ்ஸை அழைக்கும். ஜிமோடம் என்ற ஃபர்ம்வேர் பெட்ஸ்கி எழுத்து மாற்றத்தையும் தானே செய்யும். விலை குறைவு, கார்ட்ரிட்ஜ் வாயில் காலியாகவே இருக்கும். தொடங்குபவருக்கு நான் கைகாட்டுவதும் இதைத்தான்.

ஆனால் மின்சாரத்தைக் கவனியுங்கள். யூசர் போர்ட்டின் 5 வோல்ட் முனைக்குக் கமடோர் குறித்த வரம்பு 100 மில்லிஆம்பியர். ஈஎஸ்பி8266 வைஃபையில் அனுப்பும் தருணங்களில் 170 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். முனையில் கட்டுப்படுத்தும் சுற்று எதுவும் இல்லாததால் பெரும்பாலும் ஓடிவிடுகிறது. ஆனால் வயதான பவர் சப்ளை இந்தக் குலுக்கலைத் தாங்காது. சி64இன் பழைய கருப்புப் பெட்டி பழுதாகும்போது 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அதிகம் போய் ராம் சிப்களைக் கொன்றுவிடும் என்பது இந்தக் கணினியை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த துயரம். மோடம் வாங்குவதற்கு முன் புதிய பவர் சப்ளை வாங்குங்கள். முடிந்தால் மோடத்துக்கு வெளியிலிருந்து தனி 5 வோல்ட் கொடுங்கள்.

பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கம்பி மட்டும் உள்ளதை ஒதுக்குங்கள். ஆர்டிஎஸ், சிடிஎஸ் இருக்க வேண்டும், யூபி9600 இணைப்புகள் இருக்க வேண்டும், 3.3 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே மட்டம் மாற்றும் சிப் இருக்க வேண்டும். ஈஎஸ்பி8266 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். வீட்டு ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் என்று வைக்கப்பட்டிருந்தால் அதை மாற்ற வேண்டும்.

1541 அல்டிமேட்

அல்டிமேட்-II+ போன்றவை ஸ்விஃப்ட்லிங்கையும் ராம் விரிவாக்கத்தையும் டிரைவையும் எந்தச் சுற்றாகவும் அமைக்கக்கூடிய ஒரே எஃப்பிஜிஏ சிப்பில் நடித்துக்காட்டுகின்றன. ஈதர்நெட் கம்பி நேராக அதில் செருகும். ஏற்கெனவே அது கையில் இருந்தால் சீரியலுக்கென்று வேறெதுவும் வாங்க வேண்டாம்; மெனுவில் மோடத்தை இயக்கிவிட்டு டெர்மினலில் ஸ்விஃப்ட்லிங்க் என்று தேர்ந்தெடுத்தால் போதும். சீரியலுக்காக மட்டுமே அதை வாங்குவது மிகை. தவிர, அதன் மறுமுனை எப்போதும் வலைப்பின்னல்தான். மேசையில் இருக்கும் பழைய பிரின்டரையோ அளவுக் கருவியையோ அமிகா கணினியையோ, மோடம் இல்லாமல் நேராக இணைக்கும் நல்-மோடம் கம்பியால் இணைக்க அது உதவாது.

மறுமுனையில் யார்

மறுமுனையில் ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் தரத்தில் பேசும் நிஜமான சாதனம் இருந்தால் வோல்டேஜ் மட்டம் பெரிய விஷயம். யூசர் போர்ட்டில் 0, 5 வோல்ட் மட்டுமே. ஆர்எஸ்-232 கம்பியில் நேர், எதிர் என இரு பக்கமும் 15 வோல்ட் வரை வரலாம். இடையில் கமடோரின் பழைய விக்-1011ஏ அல்லது மேக்ஸ்232 சிப் போட்ட பலகை இல்லாமல் இணைத்தால் 6526 போய்விடும். அந்த முனைகள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நேராகச் சிப்புக்கே போகின்றன. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது யூசர் போர்ட்டில் எதையும் செருகவும் கூடாது, பிடுங்கவும் கூடாது. இன்றைய மடிக்கணினிதான் மறுமுனை என்றால் யூஎஸ்பியை 0, 5 வோல்ட் சீரியலாக மாற்றும் யூஎஸ்பி-டிடிஎல் கம்பியை நேரடியாகவே யூசர் போர்ட்டில் சேர்க்கலாம். மட்டமும் திசையும் ஒத்துப்போகும், மேக்ஸ்232 தேவையில்லை. கோப்புகளை மடிக்கணினியிலிருந்து கொண்டுவருவது மட்டும்தான் நோக்கம் என்றால் இதைவிட மலிவான வழி இல்லை.

என் பரிந்துரையை இப்படிச் சொல்வேன். பிபிஎஸ்களைச் சுற்றிப் பார்க்க, யூபி9600 உள்ள வைஃபை மோடம். மடிக்கணினியோடு கோப்புப் பரிமாற, யூஎஸ்பி-டிடிஎல் கம்பியும் அதே யூபி9600 இணைப்பும். சொந்தமாக பிபிஎஸ் நடத்தவோ ராம் விரிவாக்கத்தோடு பெரிய கோப்புகளை இறக்கவோ, நல்ல 6551 உள்ள ஸ்விஃப்ட்லிங்க் நகல். அங்கே 38400ஐத் தாண்ட முயல வேண்டாம். எண்பதுகளை அப்படியே உணர்வதுதான் ஆசை என்றால், அந்தக் காலத்துக் கமடோர் 1660 மோடத்தையோ 1670 மோடத்தையோ வைத்து 300லும் 1200லும் ஓட்டுவதற்கு ஈடில்லை. அதற்குத் தொலைபேசிக் கம்பியும் மறுமுனையில் இன்னொரு மோடமும் வேண்டும்.

எதை வாங்கினாலும் முதல் நாளே உச்ச வேகத்தில் வைக்காதீர்கள். 1200இல் தொடங்கி, ஒரு கோப்பை எக்ஸ்மோடத்தில் போகவரச் செய்து, பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் 2400, பிறகு 9600 என்று ஏறுங்கள். பைட்டை வாங்கும்போது மட்டும் பிழை வந்தால் கைகுலுக்கல் கம்பியைப் பாருங்கள். அனுப்பும்போது மட்டும் வந்தால் சிப்பைப் பாருங்கள். இரண்டிலும் சிதறலாக வந்தால் பவர் சப்ளையை மீட்டரால் அளந்து பாருங்கள்.